கடைசியில் வருபவரை வைத்துத் தொடங்குங்கள்: வடசென்னையில் மெதுவாக ஓடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிலோமீட்டர் ஓட எனக்கு 9 நிமிடம் ஆகும். சித்திரை, வைகாசியில் 10 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு திருவொற்றியூர் தேரடியில் இருந்து கிளம்புகிறவர்களில் சிலருக்கு 12 நிமிடம்கூட ஆகிறது. துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா, சர்க்கரை வந்த பிறகு நடக்க ஆரம்பித்து மெல்ல ஓட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி முடித்து வேலை தேடும் தம்பி ஒருவர் என்று கலவையான கூட்டம். யாருக்கும் பதக்கக் கனவு கிடையாது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற வேண்டும், ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது நாலு பேரோடு சிரித்துப் பேச வேண்டும். அவ்வளவுதான்.

தொடங்கிய வருடம் எட்டுப் பேர் இருந்தோம். ஏழெட்டு மாதத்தில் மூன்று பேராகிவிட்டோம். போனவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: முழங்கால் வலி, வீட்டில் வேலை, ஷிஃப்ட் மாறிவிட்டது. ஒருநாள் உட்கார்ந்து பேசும்போதுதான் உறைத்தது, போன ஐந்து பேருமே எப்போதும் கடைசியில் வந்தவர்கள். நாங்கள் ஓடி முடித்து டீ குடித்துக்கொண்டிருப்போம். அவர்கள் இருட்டில் தனியாக, நாய்களுக்கும் லாரிகளுக்கும் பயந்தபடி வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து எந்த வழி, எந்த நேரம், எத்தனை தூரம் என்பதையெல்லாம் கடைசியில் வருபவரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். கீழே எழுதியிருப்பது அப்படி ஓடிக் கற்றுக்கொண்டவை. தனியாக ஓடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

முதல் படி: டாக்டரிடம் ஒரு வார்த்தை

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருப்போர், இவர்கள் எல்லாம் தொடங்குமுன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதையும் பழக்கமாக்குங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கொப்புளம் வந்தது வலியாகத் தெரியாமலேயே புண்ணாகிவிடும்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டுவது என்று எது வந்தாலும் நின்றுவிடுங்கள். வாயுத் தொல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 108-ஐ அழைக்கத் தயங்கவும் வேண்டாம்.

இரண்டாம் படி: வேகத்தைக் குறைக்கப் பழகுவது

ஓட ஆரம்பிப்பவர்களில் பலர் முதல் வாரத்தோடு விடுவதற்குக் காரணம், பள்ளிக்கூடத்து 100 மீட்டர் பந்தயத்தைப் போல ஓடுவதுதான். இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும், விலா பிடித்துக்கொள்ளும், “நமக்கு இது ஒத்துவராது” என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு ஒத்து வராதது அந்த வேகம். அதைக் குறைத்துப் பாருங்கள்.

சரியான வேகம் எது என்று அறிய வாட்ச் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே “வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி” என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் சரியான வேகம். தண்டையார்பேட்டையிலேயே மூச்சு நின்றால் குறைக்க வேண்டும். பேச முடிகிற வேகத்தில் ஓடும்போது உடம்புக்குத் தேவையான ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். இதயமும் தசைகளும் சிரமமில்லாமல் பலப்படும். எங்களைப் போல மெதுவாக ஓடுகிறவர்களுக்கு அதில் இன்னொரு சௌகரியம், கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

அடுத்தது நடை. ஓட்டத்துக்கு நடுவே நடப்பது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, களைப்பு வரும் முன்பே நடக்க வேண்டும் என்ற முறையைப் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தவர். அந்த முறையில் ஓடி மாரத்தான் முடித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அதில் கவனிக்க வேண்டிய வார்த்தை “முன்பே”. முடியாமல் போனபிறகு நடந்தால் மறுபடி ஓடக் கால் வராது.

எங்கள் எட்டு வாரக் கணக்கு இது. ஆரம்பத்தில் 5 நிமிடம், முடிவில் 5 நிமிடம் சும்மா நடக்க வேண்டும். நடுவில், முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இதை 8 முறை. மூன்றாம் நான்காம் வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை. ஐந்தாம் ஆறாம் வாரம் 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை. கடைசி இரண்டு வாரம் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாளாவது இடைவெளி. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். எங்கள் ஆசிரியர் இந்த எட்டு வாரத்தை முடிக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். இப்போது அவர் 10 கிலோமீட்டர் ஓடுகிறார்.

நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது எரிச்சலாக இருந்தால் தூண்களை எண்ணுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த வசதி இது. சுங்கச்சாவடியில் இருந்து வடக்கே பாதை முழுக்கத் தலைக்கு மேலே, வரிசையாகத் தூண்கள். நாலு தூண் ஓட்டம், நாலு தூண் நடை என்று ஆரம்பித்தோம். இருட்டிலும் கண்ணாடி போடாமல் எண்ணலாம்.

மூன்றாம் படி: ஷூவும் துணியும்

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் ஷூ. சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையிலேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். விலை அதிகமானதுதான் நல்லது என்றில்லை, காலுக்குப் பொருந்துவது நல்லது. ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். வாரம் 12 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 600 சொச்சம் வரும். ஆக வருடம் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளலாம்.

பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் மெல்லிய பாலியஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் குறைந்த விலைக்கே கிடைக்கும், அது போதும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் கிளம்புமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை மறந்தால் குளிக்கும்போது எரியும். பெண்கள் சுடிதாரோடு ஓடலாம், எங்கள் அக்காக்கள் பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். துப்பட்டாவை மட்டும் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். விளையாட்டுக்கென்று வரும் இறுக்கமான உள்ளாடையை மட்டும் தவிர்க்காதீர்கள். அது இல்லாததால் வரும் வலியை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே ஓட்டத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: எங்கே, எப்போது

தென்சென்னைக்காரர்களுக்கு மெரினாவின் சர்வீஸ் ரோடும் பெசன்ட் நகரும் இருக்கின்றன. நமக்கு அப்படி நீளமாக, வண்டி வராத, வெளிச்சமுள்ள கடற்கரைப் பாதை இல்லை. அதனால் இடம் தேடுவதற்கே தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். முதலில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே மூடி இல்லாத கால்வாய், எங்கே விளக்கு எரியவில்லை, எந்தத் தெருவில் நாய்கள் கூட்டமாக இருக்கின்றன, எந்த டீக்கடை 5 மணிக்கே திறக்கிறது, அங்கே கழிப்பறை உண்டா என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மிக முக்கியம். தயங்காமல் விசாரித்து வையுங்கள்.

எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ராத்திரி முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடியும்போதும் வரிசையில் நிற்கும். தூக்கமில்லாத டிரைவர்கள், புழுதி, டீசல் புகை. கடலைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஓடி முடித்த பிறகு நடந்து போய்ப் பாருங்கள். கடலரிப்புக்காகப் போட்ட பாறைகள்மேல் ஓடவோ தாவவோ கூடாது, பாசி வழுக்கும்.

காசிமேடு பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. மீன் இறங்கும் விடியற்காலையில் ஐஸ் தண்ணீரும் வண்டிகளும் கூட்டமுமாகத் துறைமுகச் சாலையில் கால் வைக்க முடியாது, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் நேரம், நாம்தான் வழிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாட்களில் அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். அப்போது ஓடிக்கொள்ளலாம்.

சுற்றிச் சுற்றி ஓடுவது அலுப்பாகத் தோன்றினாலும், மெதுவாக ஓடுவோருக்குப் பூங்காவும் மாநகராட்சி விளையாட்டுத் திடலும்தான் பொருத்தம். யார் பின்தங்கினாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா, 1949-ல் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த பழைய ராபின்சன் பூங்கா. வியாசர்பாடியில் எந்தத் திடலுக்குப் போனாலும் கால்பந்துப் பிள்ளைகள் நமக்கு முன்பே வந்திருப்பார்கள். கோட்டுக்கு வெளியே ஓரமாக ஓடுகிறோம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டபோது பையன்கள் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

நேரம்: மே கடைசியில் 5.40-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 ஆகும். கோடையில் 6.30-க்குள் முடித்துவிடப் பாருங்கள். விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உடம்பு சூடு இறங்காது. ஆகவே “போன மாதம் ஓடியதை இந்த மாதம் ஓட முடியவில்லையே” என்று ஏப்ரலில் வருத்தப்படாதீர்கள். உங்கள் உடம்பு கெட்டுப்போகவில்லை, காலநிலை மாறியிருக்கிறது.

ரோட்டில் ஓடினால் வலது ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி. வெளிர் நிறச் சட்டை, முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை. காதில் பாட்டு வேண்டாம். 89 வயதில் முதல் மாரத்தான் ஓடி உலகத்துக்கே உற்சாகம் கொடுத்த ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் ஊர்ச் சாலையில் கார் மோதி இறந்தார். அந்தச் செய்தி வந்த வாரம்தான் நாங்கள் எல்லோரும் பட்டை வாங்கினோம்.

நாய் துரத்தினால் ஓடக்கூடாது. நின்று, கையைத் தொங்கவிட்டு, கண்ணைப் பார்க்காமல் மெல்ல நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்தில் இருந்து கடல் பக்கம் காற்று வீசும். மணலி நமக்கு மேற்கே இருப்பதால் அங்குள்ள தொழிற்சாலை வாடை திருவொற்றியூர் மேல்தான் வரும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் அந்தப் புகை வேறு. ஓடும்போது சாதாரணத்தைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், அதுவும் வாய் வழியாக. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். குறியீடு 100-க்குள் இருந்தால் வழக்கம்போல ஓடுவோம். 101 முதல் 200 வரை இருந்தால் பாதித் தூரம், ஆஸ்துமா உள்ளவர்கள் நடை மட்டும். 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள் உடற்பயிற்சி. போகியன்று காலை வெளியே வருவதே இல்லை. கண் எரிகிற மாதிரி, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி வாடை வந்தால் எண் என்ன காட்டினாலும் திரும்பிவிடுகிறோம். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். உள்ளே திறந்த கால்வாய் இருக்கலாம், மின்பெட்டியில் கசிவு இருக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் நாங்கள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் அனுமதி கேட்டு நடக்கிறோம்.

ஐந்தாம் படி: யாரையும் விடாமல் ஓடுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை வைத்து ஓடாதீர்கள், நேரத்தை வைத்து ஓடுங்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, அவரவர் வேகத்தில் 20 நிமிடம் போக வேண்டும். 20 நிமிடம் ஆனதும் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். வேகமாகப் போனவர் அதிக தூரம் போயிருப்பார், மெதுவாகப் போனவர் குறைவாகப் போயிருப்பார். திரும்பும்போது முன்னால் போனவர்கள் பின்னால் இருந்து வருவார்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரும் தேரடிக்கு வந்து சேர்வோம். இதைச் செய்த முதல் நாள் சத்துணவு அக்கா எங்கள் எல்லோருக்கும் முன்னால் டீக்கடையில் நின்றார். அவருடைய முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஏற்பாட்டுக்குக் “கடைசித் துணை” என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர், முறை வைத்து, கடைசியில் வருபவரோடு மட்டுமே ஓட வேண்டும். அவர் நடந்தால் நடக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். ஓரடி முன்னால் போகக்கூடாது. முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பது காத்திருப்பதாகாது, அவசரப்படுத்துவதாகத்தான் தெரியும். நன்றாக ஓடுகிறவர்களுக்கும் இந்த முறை கட்டாயம். ஆரம்பத்தில் ஒருவர் “என் பயிற்சி கெடும்” என்று சங்கடப்பட்டார். பிறகு அவரே, முழங்கால் வலியெல்லாம் அந்த மெதுவான நாட்களுக்குப் பிறகுதான் குறைந்தது என்றார். கடைசித் துணையின் கையில் போன், கொஞ்சம் பணம், தண்ணீர், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கும்.

மூன்றாவது, பொய்க் காத்திருப்பு வேண்டாம். பல கூட்டங்களில் முன்னால் ஓடியவர்கள் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஓய்வெடுப்பார்கள். பின்னால் வந்தவர் சேர்ந்த நொடியே “சரி, போகலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவரே “போகலாம்” என்று சொன்ன பிறகுதான் எங்கள் கூட்டம் நகரும்.

ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைய இருக்கும் பகுதி நம்முடையது. இரவு வேலை முடித்து வந்தவரை 5 மணிக்கு ஓடக் கூப்பிடக் கூடாது. தூங்கி எழுந்து சாயங்காலம் அவர் நடக்கும்போது யாராவது ஒருவர் சேர்ந்துகொள்கிறோம். அதையும் ஞாயிறு ஓட்டத்துக்குச் சமமாகத்தான் கணக்கில் வைக்கிறோம்.

ஆறாம் படி: என்ன பேசுவது

ஊக்கப்படுத்துவது என்றால் கத்துவது என்று நினைத்திருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் “வா வா, வேகமா, விடாதே” என்று கத்தினால் அவருக்குக் கூச்சம்தான் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும். எங்களிடம் பலித்தவை மெல்லிய, குறிப்பான பேச்சு. “அக்கா, அந்தப் பச்சை கேட் வரைக்கும் ஓடலாம், அப்புறம் நடக்கலாம்.” “சார், போன மாசம் இந்த இடத்துல நின்னீங்க, இன்னைக்குத் தாண்டிட்டீங்க.” இரண்டாவது மாதிரிப் பேச, போன மாதம் அவர் எங்கே நின்றார் என்று நமக்கு நினைவிருக்க வேண்டும். அப்படிக் கவனித்திருக்கிறோம் என்று தெரிவதே அவருக்குப் பெரிய தெம்பு.

“இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு கிலோமீட்டர் இருந்தால் ஒரு கிலோமீட்டர் என்றே சொல்லுங்கள். உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். “இளைச்சிட்டீங்களே” என்பதுகூட வேண்டாம். அடுத்த மாதம் எடை ஏறினால் அவர் வருவதற்கே கூசுவார். தூக்கம் எப்படி, முட்டி எப்படி என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் பழக்கம்: ஓடியவர்கள் தூரத்தையும் வேகத்தையும் போட வேண்டியதில்லை, “இன்னைக்கு முடிச்சாச்சு” என்று ஒரு வரி போதும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் கணக்கு வைக்கிறவர்கள் வைக்கட்டும், குழுவில் படம் போட்டு ஒப்பிடுவது இல்லை. இரண்டு வாரம் வராதவருக்குக் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் “ஏன் வரல?” என்று கேட்கக்கூடாது. ஒருவர் தனியாகப் போன் செய்து நலம் விசாரிக்க வேண்டும், ஓட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல். துறைமுக அண்ணன் அவருடைய அம்மா இறந்த பிறகு மூன்று மாதம் வரவில்லை. ஆசிரியர் வாரம் ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். நாலாவது மாதம் ஒரு ஞாயிறு அண்ணன் செருப்புக் காலோடு தேரடிக்கு வந்து நின்றார். அன்று யாரும் ஓடவில்லை, எல்லோரும் அவரோடு நடந்தோம்.

பெண்களை எரிச்சலூட்டும் பேச்சு தெருவில் வரத்தான் செய்கிறது. அதற்குப் பெண்கள் ஓடாமல் இருப்பது தீர்வாகாது. மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போவது, வழியில் உள்ள பால்காரர், பேப்பர் போடுகிறவர், கூட்டுகிற அக்கா எல்லோரோடும் பழகி வைத்துக்கொள்வது, இவை பெரிய பாதுகாப்பு. கேலி செய்த பையன்களைப் பூக்கடை அம்மா ஒருவர் போட்ட அதட்டலுக்குப் பிறகு அந்தத் தெருவில் இன்றுவரை தொந்தரவு இல்லை.

ஏழாம் படி: தண்ணீர், சாப்பாடு

40 நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் காப்பியோ போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. வழியில் கடலை மிட்டாய். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும், குத்துமதிப்பாகக் கொட்டக் கூடாது. வீட்டில் செய்வதானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

முடித்த பிறகு நீர்மோர், இல்லாவிட்டால் தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழ், கூடவே ஒரு மோர் மிளகாய். இதைவிடச் சிறந்த எதையும் நான் இதுவரை குடித்ததில்லை.

எட்டாம் படி: வலி வந்தால்

தசை முழுக்கப் பரவலாக இருக்கும் வலி இரண்டு நாளில் போய்விடும். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி இருக்கும் வலி வேறு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வருவது பெரும்பாலும் அவசரமாகத் தூரத்தைக் கூட்டியதால். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால், பெரும்பாலும் பாதத்தின் அடித் தசைநார் இழுபட்டிருக்கும். கெண்டைக்காலை நன்றாக நீட்டி இழுப்பதும் வெறுங்காலோடு கடினத் தரையில் நிற்காமல் இருப்பதும் உதவும். நொண்டி நடக்கும்படி இருந்தால் ஓடவே வேண்டாம். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஓட முடியாத நாட்களில் டீக்கடைக்கு மட்டும் வந்துவிடுங்கள், பையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு எப்போதும் ஆள் தேவை.

ஒன்பதாம் படி: ஒரு போட்டிக்குப் போவது

பேச்சோடு 5 கிலோமீட்டர் முடிக்க முடிகிறது என்றால் ஒரு 10 கிலோமீட்டர் நிகழ்ச்சியில் பெயர் கொடுக்கலாம். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவு உண்டு, அதற்குச் செப்டம்பரிலேயே தயாராக ஆரம்பித்தால் அவசரமில்லை. நிற்கும்போது எல்லோருக்கும் பின்னால் நில்லுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கூட்டத்தோடு இழுபட்டு முதல் கிலோமீட்டரை வேகமாக ஓடியதால்தான் எங்களில் இரண்டு பேர் பாதியில் உட்கார நேர்ந்தது. நடையை முதலில் இருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஷூ, புதுச் சட்டை, புதுச் சாப்பாடு எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

பணம் கட்டுமுன் விதிமுறையைப் படியுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்குப் போனோம். சத்துணவு அக்காவுக்கு அது முதல் 10 கிலோமீட்டர், ஆசிரியர் அவருக்குக் கடைசித் துணை. ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகு தண்ணீர் மேசைகளை எடுத்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு அவர்கள் வரும்போது வளைவையும் நேரம் பதிவு செய்யும் விரிப்பையும் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பதக்கமும் தீர்ந்துவிட்டது என்றார்கள். முன்னாலேயே முடித்திருந்த நாங்கள் ஆறு பேர் இரண்டு வரிசையாக நின்றோம். ஒரு அக்கா தன் துப்பட்டாவை அவிழ்த்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்தார். அதைத் தாண்டித்தான் இருவரும் வந்தார்கள். 1 மணி 58 நிமிடம். அவர் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையில் தம்பி அந்த நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்றும் அக்கா வீட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதன்பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் பதிவு செய்யுமுன் ஒருவர் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறோம்: கடைசி ஆள் வருகிற வரைக்கும் தண்ணீர் இருக்குமா, கோடு இருக்குமா? தெளிவாகப் பதில் வந்தால்தான் பணம் கட்டுவோம். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும், துப்பட்டாவையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.